ஒரு துளி இரத்தத்தில் புற்றுநோயைத் தேடிய கதை

சினைப்பைப் புற்றுநோய் சத்தமில்லாமல் வரும் நோய். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் போவது... இவ்வளவுதான் அறிகுறிகள். மீமிசலில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, இதை ஒரு பெண் வாயுத்தொல்லை என்று விட்டுவிடுவது இயல்பு. தெரிய வரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். முதல் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். ஒரு இரத்தப் பரிசோதனையிலேயே இதைக் கண்டுபிடித்துவிட முடியாதா என்ற கேள்வி அதனால்தான் எழுந்தது.

இரண்டு வழிகள்

இரத்தத்தில் புரதங்களைத் தேட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தூண்டில் போட்டுப் பிடிப்பது. ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிதான் தூண்டில். 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் இப்படித்தான் சிஏ-125 என்ற புரதத்தைக் கண்டார்கள். இன்றும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பரிசோதனை அது. ஆனால் மாதவிலக்கு, கர்ப்பம், கட்டியில்லாத வேறு நோய்களிலும் அதன் அளவு கூடும்.

இரண்டாவது, எடைபோட்டுப் பார்ப்பது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து அவற்றின் நிறையை அளக்கும். பெரிய புரதங்களையும் இப்படி அளக்க வழி கண்டதற்காக 2002இல் ஜான் ஃபென், கோய்ச்சி தனாகா இருவரும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்தின் திரவப் பகுதியில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின் ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் நோயைக் காட்டும் அபூர்வப் புரதம் மறைந்துபோகும்.

2002இல் வந்த பரபரப்பு

இரண்டையும் சேர்த்தால் என்ன? செல்டி என்ற முறை அதைத்தான் செய்தது. ரசாயனப் பூச்சுள்ள ஒரு சிப்பில் சீரத்தை வைப்பார்கள். சில புரதங்கள் ஒட்டும், மற்றவை கழுவப்படும். ஒட்டியவற்றை லேசரால் கிளப்பி நிறை பார்ப்பார்கள்.

2002 பிப்ரவரியில் லான்செட் இதழில் பெட்ரிகாய்ன், லியோட்டா குழுவினரின் கட்டுரை வந்தது. நோயுள்ள 50 பேரையும் இந்த முறை சரியாகச் சொன்னது. நோயில்லாத 66 பேரில் 63 பேரைச் சரியாகச் சொன்னது. உலகமே வியந்தது. ஓவாசெக் என்ற பெயரில் பரிசோதனையைச் சந்தைக்குக் கொண்டுவரவும் ஏற்பாடு நடந்தது.

ஆனால் ஹூஸ்டனில் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் வெளியிடப்பட்ட தரவுகளை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். அந்தக் குழு பின்னர் வெளியிட்ட ஒரு தொகுப்பில் நோயாளிகளின் மாதிரிகளும் மற்றவர்களின் மாதிரிகளும் கலந்து ஓட்டப்படாமல், பெரும்பாலும் வெவ்வேறு நாட்களில் ஓட்டப்பட்டிருந்தன. வித்தியாசம் காட்டிய இடங்களில் சில, கருவியின் இரைச்சல் மட்டுமே இருக்கும் பகுதியில் இருந்தன. மீன் ஏலத்தில் காலையில் ஒரு தராசு, மாலையில் வேறு தராசு வைத்து எடைபோட்டுவிட்டு, மாலை மீன்தான் கனம் என்று சொல்வது போன்றது இது! 2004இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தலையிட்டது. ஓவாசெக் சந்தைக்கு வரவில்லை.

கற்ற பாடம்

முறை முழுவதும் வீணாகவில்லை. எடைபோடும் கருவியால் தேடு, கண்டது எந்தப் புரதம் என்று பெயர் சொல், பிறகு ஆன்டிபாடியால் அளந்து சரிபார் என்ற ஒழுங்கு வந்தது. 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓவா1 பரிசோதனை அப்படிப் பிறந்தது. சிஏ-125உடன் இன்னும் நான்கு புரதங்களை அது பார்க்கிறது. ஆனால் சினைப்பையில் கட்டி இருப்பது ஏற்கனவே தெரிந்த பெண்ணை எந்த அறுவை மருத்துவரிடம் அனுப்புவது என்று முடிவு செய்ய மட்டுமே அது உதவும்.

இந்தியாவின் பங்கு

2014 மே மாதம் நேச்சர் இதழில் மனிதப் புரதங்களின் முதல் வரைபடங்களில் ஒன்று வெளியானது. அகிலேஷ் பாண்டே தலைமையில் பெங்களூரு உயிர்த்தகவலியல் நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் செய்த வேலை அது. 30 வகை மாதிரிகளில் 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாக அது கூறியது. மூக்கில் இருக்க வேண்டிய வாசனைப் புரதங்கள் மற்ற உறுப்புகளில் எப்படி வந்தன என்று விமர்சனமும் உடனே எழுந்தது. ஆன்டிபாடி வழியில் அதே வேலையைச் செய்தது சுவீடனின் மனிதப் புரத அட்லஸ். அதன் திசுப் படங்களைப் பார்த்துக் குறித்தவர்களில் மும்பை நோய்க்குறியியல் மருத்துவர்களும் உண்டு.

ஒரு வழி சொன்னதை மற்ற வழி உறுதி செய்தால்தான் நம்பலாம். இந்தப் பாடம் வந்த பிறகும் ஆசை நிறைவேறவில்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சிஏ-125, ஸ்கேன் இரண்டையும் வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. சோதனை செய்ததால் இறப்பு குறையவில்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெண்ணுக்கான அந்த ஒரு துளி இரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அதுவரை, வாரக்கணக்கில் தீராத வயிற்று உப்புசத்தை வாயு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுவதுதான் வழி.