தேசியக் கேரம் போட்டி

இந்தியாவின் மாநிலங்களிலிருந்து தேர்ந்து அனுப்பப்படும் ஆட்டக்காரர்களும், ரிசர்வ் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம், பெட்ரோலிய விளையாட்டு வாரியம் முதலிய ஸ்தாபனங்களின் சார்பில் ஆடும் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர்களும் ஒரே களத்தில் சந்திக்கும் போட்டி இது. 1956-ல் சென்னையில் தோன்றிய அகில இந்தியக் கேரம் சம்மேளனத்தின் ஆதரவில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே ஒற்றையர் ஆட்டமாகவும் குழு ஆட்டமாகவும் இது நடைபெறுகிறது. சர்வதேசக் கேரம் சம்மேளனமும் 1988 அக்டோபர் 15 அன்று சென்னையிலேயே உருவாயிற்றாதலால், இவ்விளையாட்டின் நிர்வாக சரித்திரத்தில் தமிழ்நாட்டிற்கு விசேஷமான ஸ்தானம் உண்டு.

ஆட்டமுறை

சுமார் 74 செ.மீ. சதுரமான பலகையின் நான்கு மூலைகளிலும் 4.45 செ.மீ. விட்டமுள்ள குழிகள் அமைந்திருக்க, வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று ஆகப் பத்தொன்பது காய்களுள் தமக்குரிய நிறத்தவற்றையும் சிவப்பையும், 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்டிக் குழியில் வீழ்த்துவதே ஆட்டம். காயின் விட்டம் 3.18 செ.மீ. வரை இருக்கலாமாகையால், குழியில் அதற்கு மிஞ்சும் இடம் ஒன்றேகால் செ.மீ. அளவே. ‘போர்டு’ எனப்படும் ஒரு சுற்றில் தன் காய்களை முதலில் தீர்த்தவர், எதிரியிடம் மிச்சமிருக்கும் காய் ஒன்றுக்கு ஒரு புள்ளியும், சிவப்பைப் போட்டு அதற்கு ஃபாலோவாக உடனே தன் காய் ஒன்றையும் போட்டிருந்தால் மேலும் 3 புள்ளிகளும் பெறுவார். ஆயினும் 21 புள்ளிகளைக் கடந்துவிட்டவருக்குச் சிவப்பினால் பலன் இல்லை. 25 புள்ளிகளை முதலில் எட்டியவரோ, எட்டு போர்டுகளின் முடிவில் முன்னணியில் நிற்பவரோ ஒரு கேமை வென்றவராவார். மூன்று கேம்களில் இரண்டை வெல்பவருக்கே ஆட்டம் உரியது. ஒரு போர்டில் மிகுதியாகக் கிடைக்கக்கூடியது 12 புள்ளிகளே என்பதைக் கவனித்தால், அதிர்ஷ்டவசமான ஒரு போர்டைக் கொண்டு இங்கே எவரும் கரையேற முடியாது என்பது புலனாகும்.

ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் போட்ட காயை எடுத்து வைக்கும் ஃபைன் உண்டு. ஓர் அடிக்கு 15 விநாடி அவகாசமே உண்டு. வெள்ளைக் காய்க்கு உரியவரே முதல் அடி அடித்துக் காய்களைக் கலைப்பார். தேர்ந்த கைக்கு அந்த ஆரம்பம் பெரும் அனுகூலம். தொடங்கியவர் முறை மாறாமலே சிவப்போடு ஒன்பது வெள்ளையையும் தீர்த்துவிடுவதற்கு ‘ஒயிட் ஸ்லாம்’ என்றும், எதிரி கைவிட்ட முதல் வாய்ப்பிலேயே கறுப்பை முழுதும் தீர்ப்பதற்கு ‘பிளாக் ஸ்லாம்’ என்றும் பெயர். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பலகையில் காய் தயங்கி நிற்கும். போரிக் பவுடர் தூவியும் ஓட்டம் முழுதும் திரும்பாத வேளைகளில், அடியின் வேகத்தை இரண்டொரு சுண்டலிலேயே திருத்திக்கொள்ளும் சாமர்த்தியம் அனுபவத்தால் மட்டுமே வருவது.

தேர்வு

பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியில் ஒருவர் கேரம் ஆடிப் பழகுகிறாரென்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் தம் திருவண்ணாமலை மாவட்டத்தின் அளவில் வென்று, அதன்பின் மாநிலப் போட்டிகளில் சென்னைக்காரர்களை எதிர்கொண்டு, தமிழ்நாட்டுக் குழுவில் இடம்பெற்றாலன்றி தேசியப் பலகையின் முன் உட்கார இயலாது. நகரத்துச் சங்கங்களில் ஆடுபவருக்கு வலுவான எதிரிகள் நாள்தோறும் கிடைப்பர். சிற்றூராருக்கோ அத்தகைய எதிரியைக் காண்பதற்கே பிரயாணம் வேண்டியிருக்கிறது. ஸ்தாபனத்து ஆட்டக்காரர்களின் நிலை வேறு. விளையாட்டின் நிமித்தமே உத்தியோகம் பெற்ற அவர்கள், ஜீவனத்தைப் பற்றிய கவலையின்றிப் பயிற்சி செய்யக்கூடியவர்கள்.

வட்டாரத்து ஆட்டக்காரரும் பெயர் பெற்றவரும் மோதும் இத்தகைய சந்திப்பு கேரத்திற்கு மட்டுமே உரியதன்று. டார்ட்ஸ் என்னும் அம்பெறி விளையாட்டில், 2013-ல் துபாயில் தொடங்கிய உலகத் தொடரின் ஓர் அங்கமாக 2023 முதல் பஹ்ரைனில் நடக்கும் பந்தயம், முன்னணி ஆட்டக்காரர் எட்டுப் பேரை ஒருபுறமும் வட்டாரத்து ஆட்டக்காரர் எட்டுப் பேரை மறுபுறமும் நிறுத்துகிறது. ஆனால் அங்கே நட்சத்திரங்கள் அழைக்கப்பட்டு வருகிறார்கள். இங்கே ஸ்தாபனத்தாரும் ஒரு குழுவின் பிரதிநிதிகளாகவே வருகிறார்கள்.

பெயர் பெற்றோர்

தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றவரான சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம், 1991-ல் டில்லியில் நடந்த முதல் உலகப் போட்டியிலும், 1995-ல் கொழும்பில் நடந்த இரண்டாவதிலும் வெற்றி பெற்று, 1996-ஆம் ஆண்டிற்கான அர்ஜுனா விருதைக் கேரம் ஆட்டக்காரர்களுள் முதன்முதலாகப் பெற்றார். சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008-ல் பிரான்சிலுள்ள கான் நகரில் மகளிர் உலகப் பட்டம் பெற்றார். ஸ்தாபனத்தாருள் பெட்ரோலிய வாரியத்தின் ரஷ்மி குமாரி, ரிசர்வ் வங்கியின் பிரசாந்த் மோரே, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் எஸ். அபூர்வா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். இந்தியரின் ஏகபோகமாய் இருந்த ஆண்கள் உலகப் பட்டத்தை 2012-ல் கொழும்பில் கைப்பற்றியவர் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், பதினேழு வயதினரான சென்னைப் பெண் எம். காசிமா, மகளிர் ஒற்றையர் இறுதியாட்டத்தில் ரஷ்மி குமாரியை வென்று, இரட்டையரிலும் குழுவிலும் சேர்த்து மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். மாநிலத் தேர்வின் வழியே மேலேறி வந்த இளம்பெண், ஸ்தாபனத்தின் நீண்டகாலச் சாம்பியனை வெளிநாட்டு மேடையில் வீழ்த்திய சம்பவம் இது.

பரிசும் ஜீவனமும்

ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டுகளிலும் கேரம் இடம்பெறவில்லை. பரிசுத் தொகையிலும் வேற்றுமை பெரிது: 2026-ஆம் ஆண்டின் டார்ட்ஸ் உலகச் சாம்பியனுக்கு அறிவிக்கப்பட்ட பரிசு 10 லட்சம் பவுண்டு. காசிமாவுக்கு அவ்வளவு பெரிய தொகை எதுவும் பந்தயத்திலிருந்து வரவில்லை. தமிழ்நாட்டரசு வழங்கிய 1 கோடி ரூபாயே அவருக்குக் கிடைத்த பெருந்தொகை. ஆகவே இவ்விளையாட்டை நம்பி வாழ விரும்புவோருக்குப் பரிசுப் பணத்தைவிட ஸ்தாபன உத்தியோகமே உறுதியான ஆதாரம். அந்த உத்தியோகத்தை அளிக்கக்கூடியவர்களின் பார்வையில் படும் இடம் தேசியப் போட்டியே ஆதலால், மாவட்டத்திலிருந்து ஏறி வருபவர் அங்கே பெரியவர்களை எதிர்த்து ஆடுவது பட்டத்திற்காக மட்டுமன்று. அடுத்த ஆண்டு அவர்கள் பக்கத்தில் தாமும் இடம்பெறுவதற்காகவுமேயாகும்.