ஆணி இல்லாத கப்பலும் சுறா எண்ணெயும்



நமது முன்னோர் கப்பலில் வந்தார்கள் என்று மீலாத் மேடையிலும் பாடசாலைப் பேச்சுப் போட்டியிலும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கப்பலின் பலகை மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்தும் ஏன் உக்கிப் போகவில்லை என்று நாம் கேட்டதே இல்லை. அதற்கான விடை நமது கடற்கரைகளிலும் இருந்தது.

1183ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடல் கரையிலிருந்த ஐதாப் துறைமுகத்தில் ஜித்தா செல்லும் படகுகளைக் கண்டார். அவற்றில் ஓர் ஆணி கூட இல்லை. பலகைகளைத் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்திருந்தார்கள். தைத்து முடித்ததும் நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியவற்றில் ஒன்றைப் பூசினார்கள். இவற்றில் சுறா எண்ணெயே சிறந்தது என்று அவர் எழுதி வைத்தார். அந்தக் கடலில் பாறைகள் அதிகம். மோதினால் பலகை உடையாமல் வளைந்து கொடுக்க வேண்டும், அதற்காகவே எண்ணெய் என்று காரணத்தையும் சொன்னார். நூறு வருடம் கழித்து மார்கோ போலோவும், ஹொர்முஸில் கப்பல்களுக்குத் தார் பூசுவதில்லை, மீன் எண்ணெய்தான் பூசுகிறார்கள் என்று எழுதினார். 1344இல் நமது புத்தளத்தில் வந்து இறங்கிய இப்னு பதூதாவும் தும்புக் கயிற்றைப் பற்றி இதையே சொல்கிறார்: ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் தாக்குப் பிடிக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழும். தும்பு தந்த தென்னையே எண்ணெயும் தருகிறதே, ஏன் சுறாவைத் தேடிப் போனார்கள்?

தேங்காயெண்ணெயை மரத்தில் பூசினால் அது எப்போதும் எண்ணெயாகவே கிடக்கும். அதிலுள்ள கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்றது. காற்றிலுள்ள ஒட்சிசனுடன் அது இலகுவில் சேராது. மீன் எண்ணெயிலும் ஆளி விதை எண்ணெயிலும் நிறைவுறாத கொழுப்பு அதிகம். அது ஒட்சிசனை எடுத்து, ஒன்றோடொன்று பிணைந்து, மெல்ல மெல்லத் தடித்துப் போகும். மரத்தின் துவாரங்களில் இறங்கித் தண்ணீரைத் தடுக்கும். ஆனாலும் கண்ணாடி போல விறைத்துப் போகாது. இரசாயனப் பாடம் படிக்காத ஓடாவிமார் பரம்பரை அனுபவத்தால் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

தண்ணீருக்குக் கீழே இன்னோர் எதிரி உண்டு, மரத்தைக் குடைந்து தின்னும் கப்பற்புழு. அதற்காக அரபுக் கடலோடிகள் ஆட்டுக் கொழுப்பையும் சுண்ணாம்பையும் குழைத்து அடிப்பக்கம் பூசினார்கள். சுண்ணாம்பும் கொழுப்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு வகைச் சவர்க்காரம் உண்டாகும். அது வெள்ளையாக மரத்தில் படிந்துவிடும். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்கருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாக வைத்து ஓமான் நாட்டில் ஒரு தைத்த கப்பலைக் கட்டினார்கள். ‘ஜுவல் ஒஃப் மஸ்கட்’ என்ற அந்தக் கப்பல் 2010இல் சிங்கப்பூர் போகும் வழியில் நமது காலித் துறைமுகத்திலும் தங்கிச் சென்றது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

பிறகு காலம் மாறியது. நமது கரைகளில் மர வள்ளங்களின் இடத்தை ஃபைபர் படகு பிடித்தது. பெரிய கப்பல்களின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் வந்தது. அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் கடலில் கரைந்து, பெண் நத்தைகளில் ஆண் உறுப்பு வளரும் அளவுக்குக் கடலுயிர்களைக் கெடுத்தது. பிரான்சில் சிப்பி வளர்ப்பாளர்கள் நட்டமடைந்தார்கள். 2001இல் சர்வதேச உடன்படிக்கை உருவாகி, 2008இல் தடை நடைமுறைக்கு வந்தது.

இன்று ஆய்வாளர்கள் மரத்துக்கான பூச்சுகளை உயிர்ப் பொருள்களில் தேடுகிறார்கள். ஆளி விதை எண்ணெய், முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெய், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தண்ணீரைத் தடுக்க வேண்டும், பூஞ்சணத்தைத் தடுக்க வேண்டும், மரத்தோடு சேர்ந்து வளைய வேண்டும். அன்றைய ஓடாவி கேட்டதும் இதைத்தானே!

பழையதெல்லாம் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. சுறா எண்ணெய் நாறும், அடிக்கடி பூச வேண்டும். இன்று சுறாக்களே அருகி வருகின்றன, அதற்காக அவற்றைக் கொல்லச் சொல்ல முடியாது. நமது கவலை வேறு. இப்னு ஜுபைர் ஒரு பயணி. கண்டதை எழுதினார், அதனால் அந்த விபரம் 800 வருடம் கடந்தும் நம்மிடம் இருக்கிறது. நமது கரையோர ஓடாவிமார் எழுதவில்லை. எந்த எண்ணெய், எவ்வளவு சூடு, எத்தனை தரம், எந்த மாதத்தில் என்பதெல்லாம் அவர்களுடைய கையில் இருந்தது. அந்தக் கைகள் ஒவ்வொன்றாக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

வணிகர் பெயரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவரைக் கரை சேர்த்த பலகைக்கு எண்ணெய் பூசியவரை மறந்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் வள்ளம் கட்டிய, வள்ளத்துக்கு எண்ணெய் பூசிய மூத்தவாப்பா, மாமா யாரும் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். ஊர்ப் பெயரோடு இங்கே பதியுங்கள். நாம் ஒன்றாகச் சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.