ஐன்ஸ்டீன் கட் அடிச்ச கணக்கு வகுப்பு

காலேஜ்ல டென்சார் பாடம் ஆரம்பிச்ச வாரமே நான் நோட்டை மூடி வெச்சிட்டேன். 'இயற்பியல் பிடிக்கும், ஆனா இந்தக் கணக்கு நமக்கு வராது'ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, இதே இடத்துல ஐன்ஸ்டீனும் திணறி நின்னிருக்கார்னு.

சூரிச் பாலிடெக்னிக்கில் படித்தபோது பல கணித வகுப்புகளுக்கு அவர் சரியாகப் போகவில்லை. பரீட்சை நேரத்தில் கைகொடுத்தது நண்பர் மார்செல் கிராஸ்மனின் நோட்ஸ். அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவர் மின்கோவ்ஸ்கி. 1908இல் அவர் சிறப்புச் சார்பியலை நாலு பரிமாண வடிவியலாக மாற்றிக் காட்டினார். ஐன்ஸ்டீனுக்கு முதலில் அது தேவையில்லாத மேதாவித்தனமாகத்தான் பட்டது.

அப்புறம் ஈர்ப்புக்கு வந்தார். காலமும் வெளியும் வளையும்னா, அந்த வளைவைக் கணக்குல எப்படி எழுதுறது? நாம ஸ்கூல்ல படிச்ச வடிவியல் தட்டையான தாளுக்கு மட்டும்தான். 1912இல் சூரிச்சுக்குத் திரும்பியவர், அங்கே கணிதப் பேராசிரியராகியிருந்த அதே கிராஸ்மனிடம் போய் உதவி கேட்டார். கருவி ஏற்கெனவே தயாராக இருந்தது: 1854இல் ரீமான் முன்வைத்த வளைந்த வெளிகளின் வடிவியல், அதில் கணக்குப் போட ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் வளர்த்தெடுத்த முறை. நான் பயந்து ஓடின டென்சார் இதுதான்!

கருவி கிடைச்சதும் வேலை முடிஞ்சுதா? இல்லை. அந்தக் காலத்து நோட்டுப் புத்தகத்திலேயே அவர் சரியான சமன்பாட்டுக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டார். ஆனால் ஈர்ப்பு பலவீனமான இடங்களில் அது நியூட்டனின் விதியைத் தராது என்று தவறாக நினைத்துக் கைவிட்டார். 1913இல் கிராஸ்மனோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஈர்ப்புச் சமன்பாடுகள் சரியாக அமையவில்லை. 1915 நவம்பரில்தான் பழைய பாதைக்குத் திரும்பினார். புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்குச் சுமார் 43 வில்விநாடி கூடுதலாகத் திரும்புவதை நியூட்டனின் கணக்கால் விளக்க முடியவில்லை. இப்போது அது விளங்கியது. நவம்பர் 25இல் இறுதிச் சமன்பாடுகள் வந்தன.

'இயற்பியலுக்கு எவ்வளவு கணக்கு வேணும்?'னு நிறைய பேர் கேக்குறீங்க. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள் கண்டிப்பா வேணும். அதுக்கு மேல தேவைப்படுறதை, தேவைப்படும்போது கத்துக்கலாம். பேராசிரியர் ஆன பிறகு, 33 வயசுல, நண்பன்கிட்ட போய் 'எனக்கு இது தெரியலை'ன்னு நின்னவர் அவர். எனக்கு இப்போ 31. போன மாசம் அந்தப் பழைய நோட்டை மறுபடி திறந்திருக்கேன். முதல் அத்தியாயத்திலேயே ரெண்டு சந்தேகம். யார்கிட்ட கேக்கலாம்னு தேடிட்டிருக்கேன்.