உற்பத்தித்திறனும் முடிவெடுக்கும் உரிமையும்: டெய்லர் முதல் டொயோட்டா வரை

ஆய்வுச் சுருக்கம்

உற்பத்தித்திறன் மேம்பாட்டின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும் உத்திகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வருகிறது. தொழிற்கூடத்தில் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாவை முன்வைத்து அவ்வரலாற்றை இக்கட்டுரை மீள நோக்குகிறது. அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் வகுத்த முறையும் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் உருவாக்கிய முறையும் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உற்பத்தித்திறன், அறிவியல்முறை மேலாண்மை, கட்டுப்பாட்டு வரைபடம், டொயோட்டா உற்பத்தி முறை, டெமிங் பரிசு

முன்னுரை

ஒரு பொருளை எவ்வாறு செய்வது, எவ்வளவு நேரத்தில் செய்வது, பழுது கண்டால் என்ன செய்வது ஆகிய மூன்றும் தொழிற்கூடத்தில் நாள்தோறும் எடுக்கப்படும் முடிவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இவற்றுள் பெரும்பகுதி கைவினைஞரிடமும் மேற்பார்வையாளரிடமும் இருந்தது. அடுத்த நூறாண்டுகளில் இம்முடிவுகள் முதலில் அலுவலகத்திற்குப் பெயர்ந்தன. பின்னர் அவற்றுள் ஒரு பகுதி மீண்டும் பணியிடத்திற்கே திரும்பியது.

நிறுத்துகடிகாரமும் திட்ட அலுவலகமும்

மிட்வேல் எஃகு ஆலையில் பணியாற்றிய டெய்லர், தொழிலாளர் தம் ஆற்றலுக்குக் குறைவாகவே வேலை செய்கின்றனர் எனக் கருதினார். அதற்கு அவர் கண்ட காரணம் சோம்பல் மட்டுமன்று. வேலை மிகுந்தால் முதலாளி கூலி வீதத்தைக் குறைத்துவிடுவார் என்னும் அச்சத்தையும் அவர் ஒரு காரணமாகக் கண்டார். ஒவ்வொரு வேலையையும் சிறுசிறு அசைவுகளாகப் பகுத்து, நிறுத்துகடிகாரத்தால் அளந்து, ஒரே சிறந்த வழியை வரையறுப்பது அவர் தந்த தீர்வு. அவ்வழியைத் தீர்மானிப்பது திட்ட அலுவலகத்தின் பொறுப்பு. அதன்படி செய்வது தொழிலாளியின் பொறுப்பு.

1911-இல் வெளிவந்த தம் நூலில் பெத்லகேம் எஃகு ஆலையின் நிகழ்வொன்றை அவர் சான்றாகக் காட்டினார். நாளொன்றுக்கு 12.5 டன் கச்சா இரும்பைச் சுமந்த ஒருவர், அறிவுறுத்தியபடி உழைத்தும் ஓய்வெடுத்தும் 47.5 டன் சுமந்தார் என்றும், அவருடைய நாட்கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது என்றும் அந்நூல் கூறுகிறது. இவ்விவரிப்பில் மிகைப்படுத்தல் உண்டு எனப் பிற்கால வரலாற்றாய்வாளர்கள் காட்டியுள்ளனர். எனினும் அதன் எண்களே ஒரு செய்தியை வெளிப்படுத்துகின்றன: வேலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தபோது கூலி இரு மடங்காகக்கூட உயரவில்லை.

அதே 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வாட்டர்டவுன் படைக்கலத் தொழிற்கூடத்தின் வார்ப்புத் தொழிலாளர் கடிகார அளவீட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு இதனை விசாரித்தது. டெய்லரும் சாட்சியம் அளித்தார். படைக்கலத் தொழிற்கூடங்களில் நிறுத்துகடிகாரத்தைப் பயன்படுத்த 1915-இல் தடை வந்தது. சிந்திக்கும் உரிமை தம்மிடமிருந்து பறிக்கப்படுகிறது என்பதே இவ்வெதிர்ப்பின் அடிநாதம் எனலாம்.

எப்போது தலையிடுவது?

இரண்டாம் திருப்பம் தொலைபேசிக் கருவிகளின் உற்பத்தியில் நிகழ்ந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷுவார்ட், 1924 மே மாதத்தில் ஒரு குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடத்தை முன்வைத்தார். எந்த உற்பத்தியிலும் அளவுகள் சற்றே மாறிக்கொண்டிருக்கும். அம்மாற்றங்களுள் சில முறைமையிலேயே உறைந்தவை; சில தனிக் காரணத்தால் விளைந்தவை. முன்னதைப் பின்னதாகக் கருதி இயந்திரத்தை அடிக்கடி திருகினால் மாறுபாடு மிகுமேயன்றிக் குறையாது.

இதன் உட்பொருள் ஆழமானது. முறைமையில் உறைந்த குறைக்குத் தொழிலாளியைக் கடிவது பயனற்றது. அம்முறைமையை மாற்றும் அதிகாரம் மேலாண்மையிடமே உள்ளது. எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானிய பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் ஆற்றிய உரைகளில் இக்கருத்துக்கு முதன்மை தந்தார். அவர் பெயரிலான பரிசு 1951 முதல் வழங்கப்படுகிறது.

தறியிலிருந்து மகிழுந்துக்கு

டொயோட்டா முறையின் வேர் நெசவில் உள்ளது. சகிச்சி டொயோடா 1924-இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, பாவு நூல் அறுந்தாலோ ஊடை தீர்ந்தாலோ தானே நின்றுவிடும். இதனால் ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. பழுதுள்ள துணி நெய்யப்படுவதும் தவிர்க்கப்பட்டது. இத்தறியின் உரிமம் 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அவருடைய மகன் கிச்சிரோ தொடங்கிய மகிழுந்து நிறுவனம் 1937-இல் தனி நிறுவனமாகியது.

1950-இல் அந்நிறுவனம் கடன் நெருக்கடியில் சிக்கி ஆட்குறைப்பை அறிவித்தது, வேலைநிறுத்தம் மூண்டது. இறுதியில் தொழிலாளர் பலர் வெளியேறினர். கிச்சிரோவும் பதவி விலகினார். சில நாள்களில் கொரியப் போர் தொடங்கியது. சரக்குந்துகளுக்குத் தேவை பெருகியது. ஆள் கூட்டாமல் உற்பத்தியைக் கூட்டவேண்டிய இச்சூழலில்தான் தாயிச்சி ஓனோவின் சோதனைகள் வலுப்பெற்றன. பின்கட்டப் பணியிடம் தனக்குத் தேவையானதை மட்டும் முன்கட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும், அதற்கான கன்பன் அட்டையும் 1950-களில் உருப்பெற்றன. 1960-களில் நிறுவனம் முழுவதும் பரவின.

தறி தானே நிற்கும் இயல்பை ஓனோ மனிதருக்கும் விரித்தார். பழுதைக் கண்ட தொழிலாளி உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். அவர் கயிற்றை இழுத்ததும் குழுத்தலைவர் அங்கு வருவார். உரிய நேரத்தில் தீர்வு கிட்டாவிடில் வரிசை நிற்கும். அதன்பின் காரணத்தைத் தேடி "ஏன்" என்னும் வினா ஐந்துமுறை எழுப்பப்படும். டெய்லரின் முறையில் நிறுத்தம் ஓர் இழப்பு; ஓனோவின் முறையில் அது ஒரு தகவல்.

இம்முறையைக் குறையற்றதாகக் கொள்ளவியலாது. 1972-இல் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்த எழுத்தாளர் சடோஷி கமாடா, வரிசையின் இடையறாத விரைவையும் உடற்சோர்வையும் மறுஆண்டு வெளியான நூலில் பதிவுசெய்தார். கயிறு கையருகே இருந்தும் வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை தொழிலாளியிடம் இல்லை என்பதை அவர் பதிவு உணர்த்துகிறது.

ஒரு மறுசோதனை

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982-இல் மூடிய கலிபோர்னியாவின் பிரீமாண்ட் ஆலை, டொயோட்டாவுடனான கூட்டு முயற்சியாக 1984-இல் மீண்டும் இயங்கியது. பணிக்கு வந்தோருள் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே, தொழிற்சங்கமும் பழையதே. முன்பு சொல்லாமல் விடுப்பெடுத்தலுக்கும் பூசலுக்கும் பெயர்பெற்றிருந்த அவ்வாலையின் தரம் விரைவில் ஜப்பானிய ஆலைகளின் தரத்தை நெருங்கியது. குறை ஆளிலன்று, அமைப்பில் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. ஆயினும் இப்படிப்பினையைத் தன் பிற ஆலைகளுக்குக் கொண்டுசெல்ல ஜெனரல் மோட்டார்ஸ் நெடுங்காலம் இடர்ப்பட்டது.

இந்திய அனுபவமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. மகலனோபிசின் அழைப்பின்பேரில் ஷுவார்ட் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்தார். புள்ளியியல் தரக்கட்டுப்பாடு ஜப்பானுக்குப் பிந்தாமலேயே இங்கு அறிமுகமாயிற்று. ஆனால் டெமிங் பரிசை ஓர் இந்திய நிறுவனம் முதன்முதலாகப் பெற்றது 1998-இல்தான். அது சென்னையின் சுந்தரம் கிளேட்டன். அயல்நாட்டு நிறுவனங்களுக்கு இப்பரிசு 1980-களில்தான் திறந்துவிடப்பட்டது என்பதும், 1991 வரை போட்டி குறைந்த சந்தை நிலவியது என்பதும் இவ்விடைவெளிக்குரிய காரணங்களுள் அடங்கும். எனினும் வரைபடத்தை அறிவது வேறு, அதன்வழி முடிவெடுக்கும் பொறுப்பை ஆலையின் எல்லாப் படிநிலைகளுக்கும் பகிர்வது வேறு என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.

முடிவுரை

கடிகாரம், வரைபடம், அட்டை, கயிறு ஆகிய நான்கும் எளிய கருவிகள். அவற்றை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அவற்றின் பின்னுள்ள உரிமைப் பகிர்வை வாங்கவியலாது. பழுதைச் சுட்டியவர் தண்டிக்கப்படமாட்டார் என்னும் உறுதியும், சுட்டியதற்கு உடனடி மறுமொழியும் இல்லாத ஆலையில் கயிறு வெறும் கயிறாகவே தொங்கும். இன்று உணரிகளும் கணிப்பு மென்பொருள்களும் தொழிற்கூட முடிவுகளை ஏற்கத் தொடங்கியுள்ளன. அவை டெய்லரின் திட்ட அலுவலகத்தைப் புதுவடிவில் மீட்டெடுக்கின்றனவா, பணியிடத்தில் நிற்பவரின் பார்வையைக் கூர்மையாக்குகின்றனவா என்பதைக் கொண்டே அவற்றின் பயனை மதிப்பிடுதல் வேண்டும்.