மறையூர்ச் சந்தனமும் சாண்டலாலும்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியே மூணாறுக்கு ஏறும் சாலையில், இடுக்கி மாவட்டத்தின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது மறையூர்ச் சந்தனக் காடு. அம்மரங்களைக் கள்வரின் இலக்காக்குவது, வைரக்கட்டையில் ஊறிய சாண்டலால் என்னும் ஆல்கஹால். மணம் மிக்கதாயினும் பென்சீன் வளையம் இல்லாமையால் வேதியியலார் இதனை ‘அரோமேட்டிக்’ வகையில் சேர்ப்பதில்லை. சொல்லின் விந்தை அது.

முதல் உலகப் போர் ஐரோப்பாவுக்கான கட்டை ஏற்றுமதியை முடக்கவே, மைசூர் அரசு 1916இல் பெங்களூரில் எண்ணெய் வடிக்கும் ஆலையைத் தொடங்கியது. அக்காலத்தில் இவ்வெண்ணெய் மேகவெட்டை நோய்க்கு மருந்தாகவும் விற்றது. எதிருயிரி மருந்துகள் வந்தபின் அப்பயன் மங்கியது. நறுமணத் தொழிலில் மட்டும் மதிப்புக் குறையவில்லை. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் கொதிக்கும் சாண்டலால் மெல்லவே ஆவியாகும்; உடன் கலந்த மென்மணங்களையும் நெடுநேரம் பிடித்து வைக்கும்.

எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலாலே மிகுதி. சந்தனத்துக்கே உரிய மணத்தைப் பெரிதும் தருவது அளவில் குறைந்த பீட்டா வடிவம். ஆல்ஃபா சாண்டலாலை 1970இல் கோரி குழுவினர் ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டினர். எனினும் ஆய்வகத் தொகுப்பு மலிவான உற்பத்தியாகவில்லை. சந்தன மணத்தை ஒத்த செயற்கைச் சேர்மங்கள் சந்தையில் இடம்பிடித்தன. மெய்யான எண்ணெய்க்கோ இன்றும் மரத்தையே நம்ப வேண்டியுள்ளது. வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டிச் சாய்க்க ஓரிரவு போதும். ஆகவேதான் மறையூரில் வேலியும் இரவுக்காவலும்.