கேள்வி யாருடையது? – ஆய்வும் இளம் பெண்களும் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

சமூகநலத் திட்டங்களை வகுக்கும்போதும் அவற்றின் பயனை மதிப்பிடும்போதும், அத்திட்டங்கள் எந்த இளம் பெண்களுக்கானவையோ அவர்களையே ஆய்வாளராக்க வேண்டும் என்ற கருத்து பிரித்தானியத் தொண்டு நிறுவனங்களிடையே இன்று பரவலாக உள்ளது. 'சக ஆய்வாளர்' என்று இவர்களை அழைக்கிறார்கள். தன் தெருவில், தன் மொழியில், தன் வயதுப் பெண்களிடம் கேட்பவளுக்கு வெளியாருக்குக் கிடைக்காத பதில் கிடைக்கும் என்பதே இதற்கான நியாயம். நியாயம் சரியானதே. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதை இலண்டனின் வரலாறே காட்டுகிறது.

1880களின் பிற்பகுதியில் சாள்ஸ் பூத் கிழக்கு இலண்டனின் வறுமையைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தார். பின்னாளில் பியற்றிஸ் வெப் என அறியப்பட்ட பியற்றிஸ் பொட்டர், 1888இல் தன்னை ஒரு தொழிலாளியாகக் காட்டிக்கொண்டு காற்சட்டை தைக்கும் பட்டறைகளில் வேலை செய்தார். அந்த அனுபவத்தை அதே ஆண்டு சஞ்சிகையொன்றில் எழுதினார். பட்டதாரியான கிளாரா கொலெற் அதே ஆண்டு அப்பகுதியில் தங்கியிருந்து பெண்களின் தொழில்களை ஆராய்ந்தார. இருவரது பணியும் மதிப்புக்குரியது. எனினும் உழைக்கும் பெண்ணின் உடையைத் தானே உடுத்திக்கொள்ளும் அளவுக்குச் சென்ற அந்த ஆய்வு, அப்பெண்ணின் கையில் பேனாவைக் கொடுக்கும் அளவுக்குச் செல்லவில்லை.

அதே 1888இல், போ பகுதியிலிருந்த பிரையன்ட் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண்களிடம் அன்னி பெசன்ட் தகவல் சேகரித்தார். பின்னர் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராகவும், 1917இல் இந்தியக் காங்கிரசின் தலைவராகவும் நம்மவர்க்கு அறிமுகமான அதே பெசன்ட்தான். வாரத்துக்கு 4 சிலிங் உழைக்கும் 16 வயதுப் பெண், அழுக்குக் காலுக்கு 3 பென்ஸ் அபராதம் என்ற விபரங்கள் யூன் 23இல் அவரது பத்திரிகையில் வெளிவந்தன. இவை அப்பெண்களே சொன்ன கணக்குகள். நிர்வாகம் தகவல் கொடுத்தவர்களைத் தேடியது. கட்டுரையில் உள்ளவை பொய் என்று எழுதிய தாளில் கையொப்பமிடுமாறு தொழிலாளர்களைக் கேட்டது. அவர்கள் மறுத்தார்கள். ஒருத்தி வேலைநீக்கம் செய்யப்பட்டதும் யூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1400 பேர் வெளியேறினார்கள். இரு வாரங்களில் அபராதங்கள் ஒழிந்தன, பின்னர் தொழிற்சங்கமும் பிறந்தது. இப்போராட்டத்தை நீண்டகாலமாக பெசன்ட்டின் சாதனையாகவே எழுதிவந்தார்கள். அதை நடத்தியவர்கள் அப்பெண்களே என்று லூயிஸ் ரோ தமது நூலில் நிறுவியது 2009இல்தான்.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கட்டுரை எழுதியவர் தன் அலுவலகத்துக்குத் திரும்பலாம். பதில் சொன்னவளோ மறுநாட் காலையும் அதே வாசலால் உள்ளே போகவேண்டும். கேட்பவளும் உள்ளேயிருப்பவளானால், அந்த ஆபத்து முழுவதும் அவளுக்கே உரியதாகிறது.

இதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இந்திய இராணுவக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பட்டதை அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தவர் ரஜனி திராணகம. வெளிநாட்டிலிருந்து வந்துபோன ஆய்வாளரல்ல அவர். அந்த ஊரிற் பிறந்து, யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். 1989 செப்ரெம்பர் 21இல் தன் வீட்டுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் சகாக்களும் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் நூலாக வெளிவந்தது.

ஆகவே முறையியல் என்பது வெறும் நுட்பப் பிரச்சினையல்ல. கானாவில் பிறந்த எஃபுவா டோர்க்கெனூ 1983இல் இலண்டனில் நிறுவிய ஃபோர்வர்ட் அமைப்பு, பெண்ணுறுப்புச் சிதைப்புக் குறித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நீல் பிரைஸும் கேர்ஸ்டன் ஹோக்கின்ஸும் 2002இல் விளக்கி எழுதிய முறையை அது பின்பற்றியது. பாதிக்கப்பட்ட சமூகங்களின் பெண்களே பயிற்சி பெற்றுத் தம் தோழியரோடு உரையாடினார்கள். 'உனக்கு என்ன நடந்தது?' என்று கேட்பதில்லை. 'உன்னைப் போன்றவர்கள் இதுபற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்?' என்றே கேட்பது. பெயர் குறிக்கப்படுவதில்லை. ஒருத்தி தன்னைக் காட்டிக்கொடுக்காமல் உண்மையைச் சொல்ல இது இடம் தருகிறது. தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது.

ஆனால் பாதுகாப்பு மட்டும் போதுமா? சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக றோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெப்புக்காக வரைந்தார். கீழுள்ள மூன்று படிகளும், அதாவது கையாளுதல், அலங்காரம், பெயரளவு என்பன, பங்கேற்பே அல்ல என்றார் அவர். வினாக்கொத்தை அலுவலகம் தயாரிக்க, பெண் அதை வீடுவீடாகக் கொண்டுபோக, அறிக்கையை மீண்டும் அலுவலகமே எழுதுமானால் அவள் ஆய்வாளர் அல்ல, மலிவான தகவல் சேகரிப்பாளர். எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது, கிடைத்ததில் எதை வெளியிடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு வேண்டும். உழைப்புக்கு ஊதியமும் வேண்டும். ஆபத்தைச் சுமப்பவளுக்கே அதிகாரமும் உரியது.

புகலிடத்தில் நமது பெண்பிள்ளைகள் ஒருவகையில் ஏற்கெனவே இப்பணியில் இருக்கிறார்கள். வைத்தியரிடமும் நகரசபையிலும் தாய்க்கு மொழிபெயர்ப்பவள் மகள்தான். குடும்பத்தின் நோயும் கடனும் அவளுக்குத் தெரியும். ஆனால் சமூகத்தின் தேவை என்னவென்று அதிகாரிகள் கேட்கும்போது பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் சங்கங்களின் மூத்த ஆண்களே. சீதனம் பற்றியும், சாதி பார்த்துப் பேசப்படும் கலியாணம் பற்றியும், வீட்டுக்குள் நடக்கும் அடி பற்றியும் அவர்கள் பதிலில் ஏதும் இருப்பதில்லை.

இவ்விதழின் வாசகர் பலர் அத்தகைய சங்கங்களோடும் வாரஇறுதித் தமிழ்ப் பாடசாலைகளோடும் தொடர்புடையவர்கள். பேனா அவள் கைக்குப் போனால், அவள் எழுதித் தரும் முதல் அறிக்கை நம்மைப் பற்றியதாகவே இருக்கக்கூடும். அதைத் திருத்தாமல் வெளியிட நாம் தயாரா என்பதே முதலில் விவாதிக்கப்பட வேண்டியது.