நியூரோசயின்ஸ் படித்தால் டாக்டர் ஆகலாமா?

மூளையைப் பற்றிய படிப்பு என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "முடித்தால் டாக்டரா?" என்பதுதான். இல்லை. நியூரோசயின்ஸ் எனும் நரம்பு அறிவியல் ஓர் அறிவியல் பட்டம். மருத்துவப் பட்டம் அன்று. நோயாளிகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவராக, மருத்துவப் பட்டம் பெற்று, பயிற்சி மருத்துவராகப் பணியாற்றி, அதன் பின் சிறப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பதிவுப் பாரத்தில் கையெழுத்திடும் முன்பே பெற்றோரும் பிள்ளையும் பேசித் தெளிய வேண்டிய விஷயம் இது.

முதலாண்டில் பெரும்பாலும் வேதியியல், உயிரியல், உளவியல், புள்ளியியல் ஆகியவையே இருக்கும். மூளை பிறகுதான் வருகிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை 1952-இல் விளக்கியவர்கள் இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். அவர்கள் பயன்படுத்தியது கணவாயின் நரம்பு. ஆம், நாம் சந்தையில் சோத்தோங் என்று வாங்கும் அதே இனம்தான். அதன் நரம்பிழை ஒன்று, உள்ளே கம்பி நுழைக்கும் அளவுக்குத் தடிமனானது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, பொட்டாசியம் வெளியேறுவதால் துடிப்பு நகர்கிறது என்று காட்டிய அவர்களுக்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களின் சமன்பாடுகள் இன்றும் பாடத்தில் உண்டு. கணிதத்தைக் கண்டு ஒதுங்கும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

நினைவாற்றல் பாடத்தில் ஹென்றி மொலைசன் வருவார். வலிப்பு நோய்க்காக 1953-இல் அமெரிக்காவில் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிய நிகழ்வு எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் திறன் நாளுக்கு நாள் கூடியது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை! நினைவு ஒரே வகை அல்ல என்பதைப் பிரெண்டா மில்னர் இவரிடமிருந்தே கண்டறிந்தார்.

இத்துறையில் பெயர் பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். கை இழந்தவர்கள் இல்லாத கையில் உணரும் வலிக்குச் சாதாரண நிலைக்கண்ணாடியைக் கொண்டு வழி தேடினார்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இது தனிப் பட்டம். மெல்பர்னில் அறிவியல் பட்டத்தின் முதன்மைப் பாடம். மலேசியாவில் இளநிலையில் தனிப் பட்டமாகக் கிடைப்பது அரிது. பயோமெடிக்கல் அல்லது உளவியல் பட்டம் முடித்து, குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகம் போன்ற இடங்களில் முதுநிலையில் சேரலாம்.

வேலை? இளநிலைப் பட்டம் மட்டும் இருந்தால் ஆய்வுக்கூட உதவியாளர், மருந்து நிறுவனம், மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பு போன்றவையே பெரும்பாலும் கிடைக்கும். ஆய்வாளராக முனைவர் பட்டம் வரை போக வேண்டும். அத்தனை ஆண்டுகள் குடும்பம் தாங்குமா என்று கணக்கிட்டே இறங்க வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது, உள்நாட்டிலும் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உள்ளதா என்று அதன் பதிவேட்டில் பார்த்த பிறகே முன்பணம் கட்டலாம்.